பெட்டியும் வீடும்

இலக்கியத்தில் உருவம் முதன்மையானதா, உள்ளடக்கம் முதன்மையானதா என்னும் விவாதம் நம்மிடையே பல காலமாக நடந்து வருகின்றது. அவ்விவாதத்தைக் கதை, கவிதை என்பவற்றோடு நிறுத்திக்கொள்வது நமது வழக்கமாகிவிட்டது. ஆயினும் கட்டடமும் மனிதன் ஆக்கிய உருவமே. அதற்கும் ஓர் உள்ளடக்கம் உண்டு. கவிதை பிடிக்காதவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். வீட்டை அவ்வாறு மூடி வைத்துவிட முடியாது. அதற்குள் பிறந்து, சமைத்து, நோயுற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இறுதியில் அதன் வாயிலின் வழியாகவே வெளியே கொண்டுசெல்லப்படுகின்றோம். ஆதலால் வீட்டைப் பற்றிய விமர்சனம் இலக்கிய விமர்சனத்தினும் அவசரமானது என்று கொள்வதில் தவறில்லை.

அண்மைக் காலத்தில் உலகெங்கும் புகழப்படுகின்ற வீட்டு வடிவங்களுள் ஒன்று, கப்பற் சரக்கு ஏற்றும் இரும்புக் கொள்கலனை வீடாக மாற்றியமைப்பதாகும். வழவழப்பான தாள்களில் அச்சிடப்படும் படங்களிலே அது மிக அழகாகவே தோற்றுகின்றது. வண்ணம் பூசிய இரும்புச் சுவர். அதில் அறுத்துப் பொருத்திய பெரிய கண்ணாடி. முன்னே பச்சைப் புல். பின்னே ஒரு மலை. மலிவானது, விரைவானது, கழிவைப் பயனாக்குவது, எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது என்று நான்கு நற்சான்றுகள் அதற்கு வழங்கப்படுகின்றன. நமது மலையகத்தில் மண் சரிந்து லயங்கள் புதையுண்ட செய்தி வரும்போதெல்லாம், விரைவிற் பொருத்தக்கூடிய வீடுகள் பற்றிய பேச்சும் உடன் எழுவது இயல்பு. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிற் பேரழிவு விளைத்துச் சென்ற பின்னர் வீட்டுப் பிரச்சினை மீண்டும் கூர்மையடைந்திருக்கின்றது. எனவே இந்தப் பெட்டி வீட்டின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் நுவரெலியா, அட்டன் தோட்டங்களில் நின்றுகொண்டு பரிசீலிப்பது நமது கடமையாகின்றது.

முதலிற் பெட்டியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதனை அனுப்பியவர் மால்கம் மக்லீன் என்னும் லொறிப் போக்குவரத்து முதலாளி. மூட்டைகளையும் பீப்பாய்களையும் தொழிலாளர் ஒவ்வொன்றாகச் சுமந்து ஏற்றியபோது ஒரு தொன் சரக்கை ஏற்றுவதற்கு ஏறத்தாழ 6 டொலர் செலவாயிற்று. பெட்டியாக ஏற்றியபோது அச்செலவு ஏறத்தாழ 16 சதமாகக் குறைந்தது என்பது அவரது கணக்கு. இந்தக் கணக்கிலேயே கொள்கலனின் பிறப்பு இரகசியம் அடங்கியிருக்கின்றது. துறைமுகத் தொழிலாளியின் கையை விலக்கி, அவனது கூலியை மிச்சப்படுத்துவதற்காக அது படைக்கப்பட்டது. அதன் பின்னர் உலகத் துறைமுகங்கள் பலவற்றிலே தொழிலாளர் படை சுருங்கியது வரலாறு.

இந்தப் பெட்டிக்கும் நமது மலைகளுக்கும் நெருங்கிய உறவுண்டு. ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலை மரப்பெட்டிகளில், உட்புறம் ஈயத்தாள் ஒட்டி, தோட்டத்தின் பெயர் பொறித்து அனுப்பப்பட்டது. இன்று அது பல அடுக்குக் காகிதப் பைகளில் அடைக்கப்பட்டு, இரும்புக் கொள்கலனில் ஏறிக் கடல் கடக்கின்றது. மலையகப் பெண்ணின் விரல்கள் கிள்ளிய கொழுந்து கொழும்புத் துறைமுகத்தில் எந்தப் பெட்டிக்குள் நுழைகின்றதோ, அந்தப் பெட்டியையே அவளுக்கு வீடாகத் தரலாம் என்பது இந்த யோசனையின் சாரமாகும். இதில் உள்ள முரண் கவனிக்கத்தக்கது.

பெட்டி வீடாக மாறியதற்கும் பொருளாதாரக் காரணமே அடிப்படை. பொருள்களை அதிகம் இறக்குமதி செய்யும் நாடுகளுக்குப் பெட்டிகள் நிரம்பி வருகின்றன; திருப்பி அனுப்புவதற்கு அதே அளவு சரக்கு அங்கே இல்லை. வெறும் பெட்டியை ஏற்றி அனுப்பும் செலவைக் காட்டிலும் அதனை அங்கேயே விற்றுவிடுவது சில வேளைகளில் இலாபம். இவ்வாறு தேங்கிய பெட்டிகளைக் கட்டடமாக்கும் முறைக்கு பிலிப் கிளார்க் என்பவர் 1987இல் விண்ணப்பித்து, 1989இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். 2001இல் இலண்டன் நகரின் பழைய துறைமுகப் பகுதியிற் பெட்டிகளை அடுக்கிக் கலைஞர்களுக்கான கூடங்கள் அமைத்தனர். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களுக்கான விடுதி இம்முறையில் எழுந்தது. இவையெல்லாம் துறைமுகத்தை அண்டிய நகரங்கள் என்பதையும், அங்கு குடியேறியவர்கள் சில ஆண்டுகளில் வேறிடம் செல்லவிருந்த மாணவர், கலைஞர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவற்றினும் மேலான எடுத்துக்காட்டு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஆழிப்பேரலையில் ஜப்பானின் ஒனகாவா என்னும் மீனவர் நகரம் அழிந்தது. மலைகளுக்கும் கடலுக்கும் இடையே அமைந்த அந்நகரிலே சமதரை அரிது. அங்கே கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கொள்கலன்களைச் சதுரங்கப் பலகை போல இடைவெளி விட்டு மூன்று மாடிகளாக அடுக்கி, பெட்டிகளுக்கு இடையிலிருந்த வெளிகளை வெளிச்சமும் காற்றும் உள்ள கூடங்களாக்கினார். பெட்டிக்குள் மனிதரை அடைக்காமல், பெட்டியைத் தூணாகக் கொண்டு மனிதருக்கு இடம் தேடினார். சமதரை குறைந்த நமது மலைநாட்டாரும் கற்கத்தக்க பாடம் இது. ஆயினும் அவை தற்காலிக வீடுகள் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தன. நிரந்தர வீடு வரும்வரை மானத்துடன் தங்குவதற்கான இடமாகவே அவை அமைந்தன.

இனி, இதே பெட்டியை நுவரெலியாவுக்குக் கொண்டு வருவோம்.

கொண்டு வருவதே முதற் சிக்கல். 40 அடி நீளப் பெட்டியைத் தாங்கிய வண்டி தோட்டத்து மண் பாதைகளின் கொண்டையூசி வளைவுகளிலே திரும்பாது. 20 அடிப் பெட்டியானாலும் வெறுமையாகவே இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ளது. அதை இறக்கி வைப்பதற்குப் பாரந்தூக்கி வேண்டும். பாரந்தூக்கி நிற்பதற்குச் சமதரை வேண்டும். நோயாளியைக் கம்பளியிலே தூக்கிக்கொண்டு பிரதான வீதிவரை நடக்க வேண்டிய தோட்டங்கள் உள்ள நாட்டிலே, பாரந்தூக்கி எந்தப் பாதையால் வரும் என்பது நியாயமான கேள்வியாகும்.

அடுத்தது காலநிலை. நுவரெலியா நகரம் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தை, மாசி மாதங்களின் அதிகாலைகளில் அங்கே பனி உறைவதுண்டு. கொள்கலனின் சுவரோ ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள நெளிந்த உருக்குத் தகடு. வெயிலில் அது கொதிக்கும்; இரவிற் குளிர்ந்துவிடும். உள்ளே உறங்குவோரின் மூச்சுக் காற்றும், அடுப்பில் வேகும் சோற்றின் ஆவியும் அந்தக் குளிர்ந்த தகட்டிற் பட்டு நீராகித் துளித்துளியாகச் சொட்டும். மழைக்கு ஒழுகாத கூரையாயினும், உள்ளே ஒரு சிறு மழை பெய்துகொண்டேயிருக்கும். அதைத் தடுக்க உட்புறம் வெப்பக் காப்புப் பலகை அடிக்க வேண்டும். வெளி அகலம் 8 அடியேயுள்ள பெட்டியில் இருபுறமும் பலகை அடித்தால் எஞ்சும் அகலம் ஏறத்தாழ 7 அடி. சன்னலுக்காகச் சுவரை வெட்டினால் அதன் வலிமை குறையும்; வெட்டிய இடத்திற்கு வேறு இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும். கடற் பயணத்திற் பூச்சி அரிக்காதிருக்க அதன் மரத் தளத்திற்கு மருந்து ஏற்றுவது வழக்கமாதலால், மனிதர் படுத்துறங்குமுன் அத்தளத்தையும் மாற்ற வேண்டும். இவையனைத்தையும் செய்து முடித்தபின், மலிவு என்ற முதல் நற்சான்று எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆனால் இத்தகைய குறைகளைப் பொறியியல் அறிவு தீர்த்துவிடக் கூடும். நல்ல காப்புப் பலகை கிடைக்கலாம், பாதைகள் செப்பனிடப்படலாம். ஆகவே நமது விமர்சனத்தை இவற்றின்மேல் மட்டும் நிறுத்துவது உறுதியான அடித்தளமாகாது. இன்னும் ஆழமாகச் செல்ல வேண்டியிருக்கின்றது.

மலையகத் தமிழ் மக்களுக்குப் பெட்டி வீடு புதிதன்று. அதற்குள்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அதன் பெயர் லயம்.

லயத்தின் அளவை நோக்குக. ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதாவது 120 சதுர அடி. முன்னே ஒரு குறுகிய இஸ்தோப்பு. ஒரே தகரக் கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள் ஒட்டி நிற்கும். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகாக மற்றொரு வரிசை; அங்கே பின்சுவரிற் சன்னல் வைக்கவும் இடமில்லை. 20 அடிக் கொள்கலனின் பரப்பு 160 சதுர அடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. கொள்கலன் சரக்கின் அளவுக்குச் செய்யப்பட்டது. லயம் உழைப்புச் சக்தியின் அளவுக்குக் கட்டப்பட்டது. காலையிற் பிரட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்னும் கணக்கே அதன் அடித்தளம். அவர்களுள் யாருக்குத் திருமணமாகும், யாருக்கு முதுமை வரும், எந்தப் பிள்ளை இரவில் விளக்கின்முன் இருந்து படிக்க விரும்பும் என்பவை அக்கணக்கில் இடம்பெறவில்லை. கோப்பிக் காலத்திலே தொடங்கி, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட பின்னர் பரவிய தேயிலைக் காலத்திலும் அந்தக் கணக்கே நீடித்தது.

லயத்திற்குள் மக்கள் தமது வாழ்வை எவ்வாறு அமைத்துக் கொண்டனர் என்பது ஒரு தனி அத்தியாயம். இஸ்தோப்பைச் சமையலறையாக்கினர், கூரையின் கீழே பலகை பரப்பி விறகு அடுக்கினர், லயத்தின் பின்புறத்துச் சரிவில் மரக்கறித் துண்டு போட்டனர், மாடு கட்டினர். சாணம் மெழுகி, கோலமிட்டு, அந்நியன் அளந்து கொடுத்த இடத்திற்குத் தமது முகத்தைக் கொடுத்தனர். லயத்து முற்றங்களிலும் பொட்டல்களிலும் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் ஆடப்பட்டன. வேலைக்காரரை அடைக்கக் கட்டிய கொட்டிலை மனிதர் வாழும் வீடாக மாற்றிய இந்த உழைப்பே, மலையகத்தில் நிகழ்ந்த மாபெரும் மறுபயன்பாடு என்று நாம் கருதுகின்றோம். கட்டடக் கலை நூல்களில் அதற்கு இடமில்லாமற் போனது, அதைச் செய்தவர்கள் தொழிலாளிகள் என்பதாலேயே.

ஆனால் அந்த மாபெரும் உழைப்பும் லயத்தை அவர்களுடையதாக்கவில்லை. இங்கேதான் பிரச்சினையின் உயிர்நாடி இருக்கின்றது. தோட்டத்திற் பெயர் இருக்கும்வரை காம்பரா உண்டு. பெயர் வெட்டப்பட்டாற் காம்பராவும் கேள்விக்குறியாகும். வேலையும் வீடும் ஒரே கயிற்றின் இரு முனைகள். கூலி உயர்வு கேட்பவன் தன் தலைக்கு மேலுள்ள தகரத்தையும் பணயம் வைத்தே கேட்க வேண்டியிருந்தது. மலையகத்தின் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவல் ஒன்றிற்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். அவரது மற்றொரு நூலின் பெயர் ‘நாடற்றவர் கதை’. இவ்விரு தலைப்புகளையும் சேர்த்து வைத்து நோக்கினால் மலையக மக்களின் வரலாறு முழுவதுமே அதிற் சுருங்கியிருப்பதைக் காணலாம். வீடின்மையும் நாடின்மையும் வெவ்வேறு துயரங்களல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது; மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டன. இந்தக் கணக்குகளிலே மனிதர்கள் எவ்வாறு எண்ணப்பட்டனர்? கப்பலில் ஏற்றவும் இறக்கவும் கூடிய தொகைகளாகவே எண்ணப்பட்டனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு, கொள்கலன் வீட்டுக்கு வழங்கப்படும் நான்காவது நற்சான்றை மீண்டும் படித்துப் பார்ப்போம்: ‘எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது.’ விடுமுறைக்கு மலையேறி வரும் செல்வந்தனுக்கு அது சுதந்திரமாகத் தோன்றலாம். இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கும், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கும், பின்னர் திரும்ப இராமேசுவரத்திற்கும் நகர்த்தப்பட்ட மக்கட் கூட்டத்திற்கு அதே சொல் அச்சத்தைத் தருகின்றது. அடித்தளம் இல்லாத வீடு, அதில் வாழ்பவருக்கு அந்த மண்ணில் வேர் இல்லை என்று கூறும் வீடாகும். எப்போது வேண்டுமானாலும் தூக்கிச் செல்லலாம் என்ற வசதி யாருடைய கையில் இருக்கின்றது என்பதே கேள்வி. நிலம் தன்னுடையதல்லாதவனின் கையில் அது இல்லை.

மறுபயன்பாடு என்பது மலையகத்தில் யாருக்கு எவ்வாறு கிடைக்கின்றது என்பதற்கு நம் கண்முன்னேயே இரண்டு கட்டடங்கள் சான்றாகின்றன. இரண்டும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளே.

ஒன்று, நுவரெலியாவுக்கு அண்மையில் கந்தப்பளையில் உள்ள ஹெதர்செட் தொழிற்சாலை. இயந்திரங்கள் நின்று வெறுமையாய்க் கிடந்த அதனை, அதன் பழைய உருவம் கெடாமல் உல்லாச விடுதியாக மாற்றி 1996இல் திறந்தனர். கொழுந்து வாட்டிய மாடிகள் விருந்தினர் அறைகளாயின. முற்றத்திலே பழைய புகையிரதப் பெட்டி ஒன்று உணவகமாக்கப்பட்டது. கலை நோக்கிற் பார்த்தால் அது சிறந்த வேலைப்பாடு. பழைய இரும்பையும் மரத்தையும் மதித்துச் செய்த காரியம். அதனைப் பாராட்ட நாம் பின்னிற்கவில்லை. தோட்டத் துரைமாரின் பங்களாக்கள் சிலவும் இவ்வாறே உல்லாச விடுதிகளாகியுள்ளன.

மற்றையது பதுளை மாவட்டத்தில் இருந்த ஒரு கைவிடப்பட்ட தொழிற்சாலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது; வேறு நிலம் இருக்கவில்லை. புதையுண்டோரிற் பலரின் உடல்களும் மீட்கப்படவில்லை. உயிர் தப்பிய குடும்பங்கள் பல, முடிவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலே குடியமர்த்தப்பட்டன. துணியாலும் பலகையாலும் மறைத்த சிறு சிறு தடுப்புகளுக்குள் அவர்கள் வாழ்ந்தனர். 2016ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலேயே பூணாகலைப் பகுதியில் அவர்களுக்கு வீடுகள் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்!

ஒரே வகைக் கட்டடம்; ஒரே தேயிலை மணம் ஊறிய தரை. ஒன்றிலே பணம் கொடுத்து ஓரிரவு தங்குவோர் பழமையின் அழகை அனுபவிக்கின்றனர். மற்றதிலே தாயை இழந்த பிள்ளை பாடப் புத்தகத்தை விரிக்க இடம் தேடுகின்றது. கட்டடத்தின் உருவம் ஒன்றாயிருக்க, உள்ளடக்கம் எதிரெதிராக நிற்பதற்குக் காரணம் சமுதாய உறவேயன்றி வேறில்லை. ஆகவே, பழைய பொருளைப் பயன்படுத்துவது நல்லதா தீயதா என்று பொதுப்பட வினவுவது பயனற்றது. யார் தேர்ந்தெடுக்கின்றார், யார் அதில் வாழ்கின்றார், எந்த நிலத்தில், எத்தனை காலத்திற்கு என்பவையே வினவத்தக்கவை.

வடக்கு, கிழக்கில் நிகழ்ந்த ஒரு விவாதமும் இங்கு நினைவுகூரத்தக்கது. போரினால் வீடிழந்தோருக்கென 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்திக் கொடுக்கும் திட்டம் ஒன்று 2015, 2016 ஆம் ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டது. ஆர்சிலர் மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்குக் கம்பனி அதற்குத் தெரிவாயிற்று. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதற்குமுன் இந்திய உதவியுடன் நடந்த வீட்டுத் திட்டத்தில், வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்திற்கு 5,50,000 ரூபா கொடுக்கப்பட்டு, குடும்பத்தாரே நின்று கல்வீடு கட்டினர். உருக்கு வீட்டை எதிர்த்தோர் வெப்பத்தையும் விலையையும் சுட்டிக்காட்டியதோடு நில்லாமல், மேசனுக்கும் தச்சனுக்கும் கல்லரிபவனுக்கும் கிடைக்கவேண்டிய கூலி கடல் கடந்து செல்வதையும் சுட்டிக்காட்டினர். அத்திட்டம் அறிவித்த அளவில் நிறைவேறவில்லை. அவ்விவாதம் நமக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. ஆயத்தமாக வந்திறங்கும் வீட்டிலே குடியிருப்பவன் பெறுநன் மாத்திரமே. அவன் சொல்லுக்கு அங்கே இடமில்லை. தன் கண்முன் எழுகின்ற வீட்டிலே அவன் சன்னலை எந்தப் பக்கம் வைப்பது, அடுப்பை எங்கே அமைப்பது என்று சொல்லும் உரிமை பெறுகின்றான்.

மலையகத்திலும் இதற்கான சான்று உண்டு. ஒரு குடும்பத்திற்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்னும் கொள்கை 2015க்குப் பின்னர் நடைமுறைக்கு வரத் தொடங்கிற்று. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 தனி வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி; லயத்துக் காம்பராவைப்போல் நான்கு மடங்கிற்கும் மேல். 2017 மே மாதம் நோர்வூட்டிற் கூடிய பெருங்கூட்டத்திலே இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் முதற்கட்டத்தைத் தொடக்கி வைக்க 2024 வந்துவிட்டது. வேகம் போதாது, பரப்பும் போதாது, உறுதிப் பத்திரம் முழுமையாகக் கைக்கு வந்ததா என்னும் கேள்வியும் பல இடங்களில் நிற்கின்றது. எனினும் தன் பெயரில் ஒரு துண்டு நிலம், அதிலே நாற்புறமும் காற்று வரும் ஒரு வீடு என்ற நினைவே லயத்தின் கணக்கை உடைக்கும் முதற் சம்மட்டி அடியாகும். முன்னர் பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணி செய்வதைச் சட்டமே தடுத்திருந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தெருவும் விளக்கும் தண்ணீரும் கேட்க ஒரு வாயிலாவது திறந்திருக்கின்றது.

‘மழை பெய்துகொண்டிருக்கிறது, மக்கள் பாடசாலையில் முடங்கிக் கிடக்கிறார்கள், நீங்களோ உறுதிப் பத்திரம் பற்றிப் பேசுகிறீர்கள்’ என்று நம்மை மறுப்போர் கூறக் கூடும். இம்மறுப்பில் நியாயம் உண்டு. பேரிடர் நேர்ந்த நாளில், ஒழுகாத கூரை எதனால் ஆனதாயினும் வரவேற்கத்தக்கதே. பாடசாலைக் கட்டடத்தை அகதிகளிடமிருந்து பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுக்க வேண்டுமானால் தற்காலிகக் குடில்கள் வேண்டும். அவற்றுட் கொள்கலனும் ஒன்றாகலாம். மருந்தகமாகவோ, நூலகமாகவோ, பிள்ளைக் காம்பராவாகவோ பாதையோரத்துச் சமதரையில் அதனை நிறுத்துவதில் நமக்கு மறுப்பில்லை. நாம் கேட்பதெல்லாம் மூன்று உறுதிமொழிகள். அது தற்காலிகமாயின், முடியும் நாள் அதன் கதவிலேயே எழுதப்பட வேண்டும். அது முடியும்போது குடும்பம் செல்லவிருக்கும் நிலம் முன்கூட்டியே அளந்து, சரிவு அபாயம் இல்லாதது என்று ஆராய்ந்து, அக்குடும்பத்தின் பெயரில், பெண்ணின் பெயரையும் சேர்த்து, பதியப்பட வேண்டும். அதில் வாழவிருப்போரைக் கேட்டே அது அமைக்கப்பட வேண்டும். இம்மூன்றும் இல்லையாயின், தற்காலிகம் என்று வந்த பெட்டி அடுத்த நூறாண்டிற்கான லயமாகிவிடும். நூறாண்டுக்கு மேலாக நிற்கும் லயங்களை இன்றும் காண்கின்ற நாம், தற்காலிகம் என்ற சொல்லின் ஆயுளை அறியாதவர்களல்லோம்.

எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் இதில் ஒரு பொறுப்புண்டு. மலையகத்தைப் பற்றி எழுதும்போது பச்சைக் கம்பளத்தையும் பனிமூட்டத்தையும் வருணித்து மயங்கும் போக்கை நமது முற்போக்கு எழுத்தாளர்கள் என்றோ கண்டித்துவிட்டனர். அதே மயக்கம் இன்று வேறு வடிவத்தில் திரும்பி வருகின்றது. துருப்பிடித்த தகரம், இரும்புப் பெட்டி, பழைய லயம் ஆகியவை படங்களிலே ‘எளிமையின் அழகு’ எனக் காட்டப்படுகின்றன. வறுமைக்கு எளிமை என்று பெயர் சூட்டுவது கலையின் பணியன்று. எளிமை என்பது வேறு வழி உள்ளவன் தானே தேர்ந்துகொள்வது. வேறு வழியில்லாதவன்மேல் சுமத்தப்படுவதற்கு நேரிய பெயரைச் சொல்ல வேண்டும்.

2023இல் மலையக மக்கள் தமது 200 ஆண்டு வரலாற்றை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். முன்னோர் கால்நடையாக வந்து, வழியிலே மாண்டு, எஞ்சியோர் மலையேறிய அதே பாதை. அந்த நடைபவனியில் எழுந்த கோரிக்கைகளுள் நிலவுரிமையும் வீட்டுரிமையும் முன்னின்றன. அவர்கள் இரும்பு வேண்டும் என்றோ கல் வேண்டும் என்றோ கேட்கவில்லை. தாம் பண்படுத்திய மலையில், தம் பெயருக்கு ஒரு துண்டு நிலம் கேட்டனர். அந்த நிலம் கிடைத்தபின், அதன்மேல் எதனைக் கட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். கல்லிலே கட்டலாம், மண்ணிலே கட்டலாம், விரும்பினால் ஒரு கொள்கலனைக் கொண்டு வந்து வைத்து, அதன் முன்னே இஸ்தோப்பு இறக்கி, கோலமும் போடலாம். அன்று அந்தப் பெட்டியை வீடு என்று அழைப்பதில் நமக்கு எவ்விதத் தயக்கமும் இராது.